பெருங்கட்டைக்கு எந்தச் செயின், எந்த அரம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்து, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்தது. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தன. கொல்லை வரப்பில் தாத்தா காலத்துக்கும் முந்தைய புளியமரம் ஒன்று வேர்த்தட்டோடு பெயர்ந்து, கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டது. அடிமரத்தின் குறுக்களவு மூன்றடி. அந்த நாட்களில் செயின்சா வைத்திருந்த ஆளைப் பிடிப்பது முகூர்த்த மாதத்தில் சமையல்காரரைப் பிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. பொறுக்க முடியாமல் நானே ஒன்றை வாங்கினேன்: 58 சிசி எந்திரம், 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு). கூடவே, "பெரிய மரம் என்றால் இதுதான் சார்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த வேகமான செயின் ஒன்று.

கிளைகள் வாழைத்தண்டுபோல் விழுந்தன. அடிமரத்தில் மூன்றாவது வெட்டு பாதி தூரம் போவதற்குள் புகை வந்தது. பாரை அழுத்தினேன், புகை கூடியது. பக்கத்து ஊரிலிருந்து மரம் அறுக்க வரும் பெரியவர் ஒருவர் அந்த வழியாகப் போனவர் நின்று, கீழே கொட்டிக் கிடந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"இது சீவல் இல்லை தம்பி, மாவு. செயின் அறுக்கவில்லை, அரைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் எந்திரத்தை அணையுங்கள்."

பிறகு செயினை வெயிலுக்குத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பல்லின் வெளி மூலையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி மின்னியது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. மின்னுகிற இடமெல்லாம் மழுங்கிய இடம். வாங்கி ஒன்றரை நாள்கூட ஆகாத செயின் அது.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி: எது வேகமாக அறுக்கும்? கேட்டிருக்க வேண்டியவை வேறு இரண்டு. எங்கள் மரத்தில் எது நீண்ட நேரம் சீவல் தரும்? மாவாக மாறியபின் கொல்லையிலேயே உட்கார்ந்து அதை எவ்வளவு எளிதில் மீண்டும் சீவலுக்குக் கொண்டுவரலாம்? கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே செய்திருக்கிறேன்.

தேர்வுக்கு இடமில்லாத அளவுகள்

பிட்ச், கேஜ், நாக்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எந்திரமும் பாரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. பிட்ச் என்பது அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி. பெரிய வேலைக்கு வருபவை 0.325 அங்குலம், 3/8 அங்குலம், 0.404 அங்குலம். ஆசாரி கணக்கில் 3/8 என்றால் சரியாக மூன்று நூல், 0.325 என்பது இரண்டரை நூலுக்குச் சற்றுக் கூட, 0.404 மூன்றே கால் நூலுக்குப் பக்கம். கேஜ் என்பது பாரின் காடிக்குள் ஓடும் நாக்கின் தடிமன்: 1.3, 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர். 1.5 காடியில் 1.3 நாக்கு ஓடத்தான் செய்யும். ஆனால் பக்கவாட்டில் ஆடி வெட்டைச் சாய்க்கும். மூன்றாவதாக நாக்குகளை எண்ணியே ஆக வேண்டும். ஒரே 20 அங்குலம் என்று எழுதிய பார்களுக்கே நாக்கு எண்ணிக்கை மாறும். பழைய செயினை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போவது எல்லாக் குழப்பத்தையும் தீர்க்கும்.

நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 52, 58 சிசி எந்திரங்களில் பெரும்பாலும் 0.325 பிட்ச்சும் 1.5 மி.மீ. கேஜும் இருக்கும். பெரிய கட்டைக்கு பிட்சை 3/8 ஆக மாற்றிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். பல் பெரிதானால் வெட்டின் அகலமும் கூடும். அந்த அகலத்தை இழுக்க எந்திரத்தில் வலு வேண்டும். சிறிய எந்திரத்துக்குப் பெரிய பல் வைப்பது கன்றுக்குட்டியைக் கமலையில் பூட்டுவதற்குச் சமம். மாற்ற வேண்டாம்.

மூலை கூராக இருக்க வேண்டுமா, உருண்டையாகவா?

உண்மையான தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. செயின்சாவின் பல் கைரம்பத்தின் பல்லைப்போல முக்கோணம் அன்று. மேலே ஒரு தகடு, பக்கத்தில் ஒரு தகடு, இரண்டும் சேருமிடத்தில் ஒரு மூலை. மூலையும் பக்கத் தகடும் நாரைக் குறுக்கே அறுக்க, மேல் தகடு உளிபோல நுழைந்து சீவலைப் பெயர்த்தெடுக்கிறது. இடப்பல், வலப்பல் என்று மாறிமாறி வருவதால் வெட்டின் இரு கரையும் சுத்தமாகிறது.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி. 1946இல் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவை உட்கார்ந்து கவனித்தார். அது நாரின் வாக்கிலும் குறுக்கிலும் ஒரே வேகத்தில் போனதாம். இரண்டு தாடைகளையும் இடம் வலமாக அசைத்தபடி. அதையே இரும்பில் செய்து 1947இல் விற்கத் தொடங்கினார். ஓரிகன் என்ற பெயரில் இன்று விற்கும் செயின்களின் பூர்வீகம் அதுதான். தென்னங்குருத்தில் வண்டைக் கண்டால் நாம் கம்பியால் குத்தி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். காக்ஸுக்குத் தென்னந்தோப்பு இல்லாதது உலகத்துக்கு நல்லதாகப் போயிற்று.

அந்த மூலையில் இரண்டு வகை. ஃபுல் சிசல் என்பதில் மேல் தகடும் பக்கத் தகடும் பெட்டியின் மூலைபோலக் கூராகச் சந்திக்கும். செமி சிசல் என்பதில் அதே மூலை சற்று உருண்டிருக்கும். ஸ்டில் நிறுவனத்தின் செயின்களில் ஆர்.எஸ். என்றால் முதல் வகை, ஆர்.எம். என்றால் இரண்டாவது. ஓரிகனின் 0.325 செயின்களில் எல்.பி.எக்ஸ். முதல் வகை, பி.பி.எக்ஸ். இரண்டாவது. பெட்டியின் மேல் இந்த எழுத்துகளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சுத்தமான பச்சை மரத்தில் ஃபுல் சிசலுக்கு ஈடில்லை. தோப்பாக வளர்த்த சவுக்கு, தைலமரம், மலைவேம்பு போன்றவற்றை நிற்கும்போதே வெட்டினால் அதன் வேகம் கையில் தெரியும். பிரச்சினை என்னவென்றால், அதன் வலிமை முழுவதும் ஒரே ஒரு புள்ளியில் இருக்கிறது. அந்த மூலை கொஞ்சம் உடைந்தாலும் பல் முழுவதும் செத்ததுபோல் ஆகிவிடும். மூலை திரும்பக் கிடைக்கும்வரை பல்லை நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். உருண்ட மூலையில் வேலை ஒரு வளைவு முழுவதும் பரவுகிறது. அதுவும் மழுங்கும், ஆனால் மெல்ல மழுங்கும், மழுங்கியபின்பும் கொஞ்ச நேரம் அறுக்கும்.

இப்போது நாம் அறுக்கும் கட்டைகளைப் பாருங்கள். சாய்ந்து கிடந்த புளியின் பட்டை நெடுகிலும் கரையான் ஏற்றிய மண். அந்த மண்ணில் பாதி மணல். செயின் ஒரு சுற்று அதில் போய் வந்தால் போதும். சாலையோரப் புளி என்றால் விளம்பரத் தகடு அடித்த ஆணி உள்ளே இருக்கும். வீட்டு வாசல் வேம்பில் ஊஞ்சல் கொக்கியும் கொடிக்கம்பியும் மரத்துக்குள் விழுங்கப்பட்டிருக்கும். சீமைக் கருவேலத்தை அடியோடு ஒட்ட வெட்டச் சொல்வார்கள்; அடியோடு ஒட்ட என்றால் மண்ணோடு ஒட்ட. தேக்கில் வெளி மண்ணே வேண்டாம், மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது. தென்னை இன்னொரு விதம். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில். தென்னைக்கும் பனைக்கும் வெளியில். பழைய இலக்கணக்காரர்கள் அகக்காழ், புறக்காழ் என்று பிரித்தது சும்மா இல்லை. செயின் முதலில் தொடுவதே அந்தக் கெட்டியான வெளிச்சுற்றைத்தான்.

ஆகவே வயலிலும் சாலையோரத்திலும் விழுந்து கிடக்கும் பெருங்கட்டைக்கு என் தேர்வு செமி சிசல். என் புளியமரத்தில் ஃபுல் சிசல் செயினுக்கு ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய வெட்டுக்கும் அரம் தேவைப்பட்டது. அடுத்து வாங்கிய செமி சிசல், ஒரு டாங்க் பெட்ரோல் தீரும்வரை தாக்குப்பிடித்தது. ஒரு வெட்டின் வேகத்தைப் பார்த்தால் முந்தையதே வென்றது. ஒரு நாள் வேலையைக் கணக்கிட்டால் பிந்தையது வெகு தூரம் முன்னால் நின்றது.

கார்பைட் முனை வைத்த செயின்களும் உண்டு. மணலை அவை அலட்சியம் செய்கின்றன என்பது உண்மை. ஆனால் சாதாரண அரம் அதில் ஏறாது, வைரச் சக்கரம் வேண்டும்; ஆணியில் பட்டால் முனை சில்லாகத் தெறிக்கும். கொல்லைக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பல்லை நெருக்கமாக வைப்பதா, விட்டுவிட்டு வைப்பதா?

மூன்றடிக் கட்டைக்குள் பார் முழுக்க மூழ்கிவிட்டால், ஒவ்வொரு பல்லும் தான் வெட்டிய சீவலை மறுகரை வரை சுமந்து போக வேண்டும். இடம் நிரம்பிவிட்டால் அதற்குமேல் பல் வெட்டாது. எந்திரத்தை இழுத்துப் பிடிக்கும். இதற்காக வந்ததுதான் ஸ்கிப் செயின்: பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி. 72 நாக்குகள் உள்ள சாதாரணச் செயினில் 36 பற்கள். அதே நீளத்து ஸ்கிப்பில் 24. 36 அங்குல பாருக்கான 114 நாக்குச் செயினில் 57க்குப் பதில் 38. அரம் போட வேண்டிய பற்களும் மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. அது சின்ன லாபம் அன்று.

ஆனாலும் 24 அங்குலத்துக்கு உட்பட்ட பாருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பல்லின் மேலும் சுமை ஏறுவதால் சீக்கிரம் மழுங்கும். சிறு கிளைகளில் எந்திரம் துள்ளும். எந்திரம் திணறுகிறது என்றால் செயினை மாற்றுவதற்கு முன் பாரைக் குறைத்துப் பார்க்க வேண்டும். 58 சிசி எந்திரத்தில் 22 அங்குல பார் மாட்டி விற்கிறார்கள்; பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும், புளியின் வைரத்தில் திணறும். 18 அங்குல பாரை இருபுறமும் செலுத்தினால் மூன்றடிக் கட்டையில் நடுவே கொஞ்சம்தான் மிஞ்சும். கட்டையை உருட்டிவிட்டு அதையும் தொடலாம், அல்லது ஆப்பு அடித்து முறித்துவிடலாம். 30 அங்குலம், அதற்கு மேல் என்று பார் வைத்து வேலை செய்பவர்களுக்கே ஸ்கிப் பொருந்தும்.

நெடுக்கே அறுக்க வேண்டுமானால்

விழுந்த மரத்தைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது பலகை. பலகைக்கு மரத்தை நெடுக்கே அறுக்க வேண்டும். அதற்கென்று தனிச் செயின் உண்டு. சாதாரணச் செயினில் மேல் தகட்டின் சாய்வு 25 முதல் 30 டிகிரி. நெடுக்கு வெட்டுச் செயினில் ஏறத்தாழ 10 டிகிரி. சாய்வு குறைந்தால் பலகை முகம் வழுவழுப்பாக வரும், செயின் பக்கவாட்டில் இழுக்காது. வேகம் மட்டும் குறையும்.

செயின் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 3/8 செயின் தின்னும் வெட்டின் அகலம் ஏறத்தாழ மூன்று நூல். எட்டுப் பலகை, ஒவ்வொன்றும் ஓரங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏழு வெட்டு, 21 நூல். அதாவது இரண்டரைப் பலகைக்கும் அதிகமான மரம் தூளாகக் கீழே கிடக்கும். வாள் பட்டறையின் பட்டை வாள் இதில் கால்பங்கு அளவே தின்னும். தேக்கு, வேங்கை, பலா என்றால் அந்தத் தூள் வெறும் தூள் அன்று, பணம். போதாததற்கு, நெடுக்கு வெட்டில் எந்திரம் பல நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடியபடியே இருக்க வேண்டும். 58 சிசி எந்திரம் சூடேறிச் சாகும். லாரி போக முடியாத இடத்தில் கிடக்கும் கட்டை, நல்ல பெரிய எந்திரம், பாரோடு இணைக்கும் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மட்டுமே நெடுக்கு வெட்டுச் செயின் வாங்குங்கள். மற்றபடி பட்டறை வண்டியைக் கூப்பிடுவது மலிவு.

தூக்க முடியாத முண்டத்தை இரண்டாகப் பிளப்பது வேறு விஷயம். அதற்குச் சாதாரணச் செயினே போதும். முண்டத்தைப் படுக்கவைத்து, பாரை நாரின் வாக்கிலேயே பிடித்தால் சீவல் இடியாப்பம்போல நீள நீளமாக வரும், வேகமாகவும் போகும். கிளட்ச் மூடிக்குள் அது அடைத்துக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி உருவிப் போட வேண்டும். முண்டத்தை நிமிர்த்திவைத்து மேலிருந்து கீழே அறுத்தால் அதே செயின் மாவாகத் துப்பும். நான் முதலில் செய்தது இதைத்தான்.

அரமா, வழிகாட்டியா, சாணையா?

செயினைவிட இந்த முடிவுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்க வேண்டும். வழிகள் பல. வெறும் கையில் உருளை அரம். அரத்தைச் சட்டத்தில் பொருத்தி, கோணக்கோடு பார்த்துத் தள்ளும் வழிகாட்டி. பேட்டரியில் அல்லது மின்சாரத்தில் சுழலும் சிறு கல். மேசையில் பொருத்தும் சாணை எந்திரம். கடையில் கொடுத்து வாங்குவது.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். நகரத்துக் கடை ஒன்றில் ஒருமுறை கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. பற்களின் நீளத்தில் பாதியைக் காணவில்லை, விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தது. சாணைக்கல்லை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் உருக்கு சூடேறி அதன் பதம் கெடும். நீலம் அதன் அடையாளம். அப்படிப்பட்ட பல்லில் ஒன்று கூர் நிற்காது, இல்லையென்றால் அடுத்த முறை அரமே ஏறாமல் வழுக்கும். என் செயினில் இரண்டாவது நடந்தது. சாணை எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. ஆணியில் அடிபட்டுப் பத்துப் பற்கள் சிதைந்த செயினைச் சமப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை. தொட்டுத் தொட்டு எடுக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான். ஒரே எந்திரமும் மூன்று செயினும் வைத்திருப்பவர் அதை வாங்கத் தேவையில்லை. பத்து எந்திரம் ஓடும் மரவாடிக்காரர் வாங்கலாம்.

சுழலும் சிறு கல் வேகமானது. கல் தேயத் தேய அதன் குறுக்களவு குறைந்துகொண்டே வரும், பல்லின் வளைவும் அதோடு மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்துக் கல்லை மாற்றுபவருக்கு அது நல்ல கருவி.

மிச்சம் அரம். அரத்தின் அளவு பிட்ச்சைப் பொறுத்தது. 0.325க்கு 4.8 மி.மீ.; 3/8க்கு 5.5, ஸ்டில் செயின் என்றால் 5.2, 0.404க்கு 5.5. சிறு எந்திரங்களில் வரும் தட்டையான 3/8 செயினுக்கு 4 மி.மீ. அளவு மாறினால் மற்ற எல்லா நுணுக்கமும் வீண். அரமும் மழுங்கும் என்பதை ஏனோ நாம் ஏற்றுக்கொள்வதில்லை. பல்லில் கடிக்காமல் சறுக்கத் தொடங்கிய அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள். ஒரு செயினின் விலையில் பல அரங்கள் வாங்கலாம்.

பெரியவர் எனக்குக் காட்டிய முறை இது. ஒரு முண்டத்தில் பார் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு, அதில் பாரைச் செருகினார். அதுதான் அவருடைய இடுக்கி. எந்திரம் அணைந்திருக்கிறது, பிளக்கின் மூடி கழற்றியிருக்கிறது, கையில் உறை. செயினை ஆடாமல் இறுக்கினார். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி அதிலிருந்து தொடங்கினார். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளியே தள்ளினார். திரும்பும்போது பல்லைத் தொடாமல் தூக்கிக்கொண்டார். அரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு மேல் தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அரம் அதற்குக் கீழே இறங்கினால் பல்லின் விளிம்பு கொக்கிபோல மெலிந்து, ஆரம்பத்தில் வெறியாக வெட்டி உடனே மடங்கும். மேலே ஏறினால் விளிம்பு பின்னால் சாய்ந்து, மரத்தின் மேல் சறுக்கும். கோணத்துக்குப் பெரும்பாலான பற்களின் மேல் தகட்டிலேயே ஒரு கோடு இருக்கும், அதற்கு இணையாகப் பிடித்தால் போதும். நான் வைரம் பாய்ந்த புளிக்கு 30ஐ விட்டு 25 டிகிரிக்குப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன். விளிம்பு கொஞ்சம் தடித்து நிற்கிறது.

ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் மூன்று தள்ளு. பிறகு மறுபக்கம் போய் உட்கார்ந்து அதே மூன்று. இந்தச் சமநிலைதான் பெருங்கட்டையில் எல்லாவற்றையும்விட முக்கியம். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் எப்போதும் நன்றாக வரும், மறுபக்கம் சொதப்பும். இடப்பற்கள் நீளமாகவும் வலப்பற்கள் குட்டையாகவும் ஆனால் வெட்டு ஒரு பக்கமாக வளையும். நான்கு அங்குலக் கிளையில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. மூன்றடிக் கட்டையில் ஓரடி இறங்குவதற்குள் பார் வில்லைப்போல் வளைந்து சிக்கிக்கொள்ளும். பல்லின் நீளத்தை அளக்க வெர்னியர் எல்லாம் வேண்டாம். குட்டைப் பல்லின் நீளத்துக்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு மற்றவற்றின்மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் வெறுங்கையில் பழகுவதற்கு முன் வழிகாட்டி ஒன்று வாங்கட்டும். கோணத்தையும் உயரத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. நான் ஓராண்டு அதோடு பழகிவிட்டுத்தான் அதை விட்டேன். இன்றும் புதுச் செயினுக்கு முதல் இரண்டு முறை அதைத்தான் எடுக்கிறேன்.

எல்லோரும் மறக்கும் மேடு

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாவின் துடுப்புபோல ஒரு சிறு மேடு நிற்கும். ரேக்கர் என்பார்கள். பல் ஒரு சுற்றில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் நுனி மேட்டைவிட 0.65 மி.மீ. உயரமாக இருக்க வேண்டும், 0.404 செயினில் 0.8 வரை. பல்லின் மேல் தகடு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அரம் போடப் போட நுனி தாழ்ந்துகொண்டே வரும். மேடு மட்டும் அதே உயரத்தில் நிற்கும். கடைசியில் பல் சவரக்கத்தியாக இருந்தாலும் மேடு அதை மரத்தைத் தொடவிடாது. மறுபடியும் மாவு.

"நேற்றுதான் அரம் போட்டேன், அறுக்க மாட்டேன் என்கிறது" என்று செயினைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருவனாகாமல் போனது பெரியவரால்தான். பழைய செயின் என்று நான் ஓரமாகப் போட்டிருந்ததை எடுத்து, தட்டை அரத்தால் ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு தேய்ப்புக் கொடுத்தார். அடுத்த வெட்டில் சீவல் அரிசி அவல்போல வந்து விழுந்தது.

மேட்டை அளக்கும் சிறு தகடு மிக மலிவாகக் கிடைக்கிறது. செயின்மேல் வைத்தால் துருத்திக்கொண்டு தெரிவதை மட்டும் தேய்க்க வேண்டும், பிறகு அதன் முன்விளிம்பை லேசாக உருட்டிவிட வேண்டும். மூன்று நான்கு முறை அரம் போட்டால் ஒருமுறை பார்த்தால் போதும். வேகம் வேண்டும் என்று மேட்டை அடியோடு தேய்த்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைப் பார்த்தால் அந்த எந்திரத்தின் அருகில் நான் நிற்க மாட்டேன். பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். பாரின் மூக்கு எதிலாவது பட்டால் எந்திரம் பின்னோக்கி முகத்துக்கு வரும்.

பல்லும் மேடும் சரியாக இருந்தும் வெட்டு வளைகிறதா? செயினை விட்டுவிட்டு பாரைப் பாருங்கள். காடியின் இரு உதடுகளில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருக்கும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இது தள்ளிப்போகும். வண்டியிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெயைச் செயினுக்கு ஊற்றினால் சீக்கிரம் வரும்.

யார் எதை வாங்குவது

தோப்பில் நிற்கும் சவுக்கையும் தைலமரத்தையும் நாள் முழுக்க வெட்டுபவர், அரத்தில் கை தேர்ந்தவர், ஃபுல் சிசல் வாங்கலாம். கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும். என்னைப்போல ஆண்டுக்குச் சில தடவை, அதுவும் புயலுக்குப் பிறகு, மண்ணும் ஆணியும் கலந்த பெருங்கட்டையோடு மல்லுக்கட்டுபவர் செமி சிசல் வாங்க வேண்டும். ஒன்று போதாது, மூன்று வாங்குங்கள். ஒன்று பாரில், ஒன்று கூராக்கித் தயாராக, மூன்றாவது பட்டை நிறைய மண் ஒட்டிய அடிமரத்துக்கு. பணம் இரண்டு செயினுக்குத்தான் இருக்கிறது என்றால் மூன்றாவதை விட்டுவிட்டு, பிட்ச்சுக்குச் சரியான அரம் நான்கும் மேடு பார்க்கும் தகடும் வாங்குங்கள். சந்தேகத்துக்கிடமான பட்டையைக் கோடாரியால் செதுக்கிவிட்டு, கம்பித் தூரிகையால் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பாரை இறக்குங்கள். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேர அரவேலையை மிச்சப்படுத்தும்.

என் புளியமரம் அந்தக் கோடையிலேயே துண்டுகளாகிவிட்டது. அடிமரத்தில் ஒரு முண்டம் இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் கொத்துக்கட்டையாகப் போனது. புளியங்கட்டைக்கு அவரிடம் தனி மரியாதை. வேர்த்தட்டு மட்டும் இன்னும் கிணற்றடியில் கிடக்கிறது. உள்ளே செம்மண்ணும் சரளைக்கல்லும் கோத்துக்கொண்டிருக்கின்றன. மூன்று செயினில் எதையும் அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோடாரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.